மூன்றாம் பெஞ்சு, ஜன்னலோரம்

“காலைத் தூக்கும்மான்னேன், தூக்குச்சு. கூட்டி முடிச்சிட்டு எறக்குன்னு சொல்ல மறந்துட்டேன். இன்னிக்குக் காலையில போய்ப் பாக்குறேன், தூக்குன கால் தூக்குனபடியே இருக்கு.”

துப்புரவு வேலை பார்க்கும் பாண்டியம்மா வாட்ச்மேனிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வேல்மயில் குடிநீர்க் குழாயடியில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துச் சொன்னதல்ல. அவளைப் பார்த்து யாரும் எதையும் சொல்வதில்லை, அவளும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அதனாலேயே அந்தக் கல்லூரியில் நடக்கும் பாதி விஷயங்கள் அவள் காதில்தான் முதலில் விழும்.

“எந்த கிளாஸ்?” என்றார் வாட்ச்மேன்.

“செடி கொடி படிக்கிற கிளாஸு. மூணாவது பெஞ்சு, ஜன்னலோரம். தலைக்கு மேல பேருகூட எழுதித் தொங்குது. எனக்கு வாசிக்க எங்க தெரியும்?”

“சத்தம் கித்தம் போடுதா?”

“அதெல்லாம் இல்ல. எறக்குன்னேன், எறக்கிருச்சு.”

“அப்ப நல்ல பொண்ணுதான்” என்று சொல்லிவிட்டு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கப் போனார். பாட்டில் நிரம்பி வழிந்து வேல்மயிலின் செருப்பு நனைந்தது. மூன்றாவது பெஞ்சு ஜன்னலோரம் மாரித்தங்கத்தின் இடம். மாரித்தங்கம் கல்லூரிக்கு வந்து பல வாரங்கள் ஆகியிருந்தன.

அந்தக் கல்லூரி, மில்களும் மாந்தோப்புகளும் நிறைந்த ஒரு மலையடிவார ஊரில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கும் காற்று தாவரவியல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்குள் புகுந்ததும் ஒவ்வொரு தலையாகச் சாயும், சாய்ந்த தலைகளைப் பார்த்தபடியே ஹெலன் மேடம் பாடத்தை நடத்தி முடிப்பார். அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் அந்த வருடம் கோயம்புத்தூரில் ஏதோ பயிற்சிக்குப் போன மேடம், திரும்பி வரும்போது ஓர் இணைய விளையாட்டைக் கொண்டுவந்தார். “புத்தகத்தைத் திறன்னா தூங்குறீங்க. ராத்திரி பூரா போன்ல சுடுறீங்க, ஓடுறீங்க, அப்ப மட்டும் தூக்கம் எங்க போகுது? இனிமே இங்கேயும் விளையாட்டுதான்.”

விளையாட்டின் பெயர் வனம். ஆளுக்கொரு உருவம், பெஞ்சுக்கொரு துண்டு நிலம். பாடத்தில் கேட்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் செடிக்குத் தண்ணீர் போகும், தப்பாகச் சொன்னால் இலை பழுக்கும். பெஞ்சில் ஒருத்தர் வராவிட்டாலும் அந்த நிலம் முழுக்க வாடும். வருகைப் பதிவும் அதில்தான்: வகுப்பு முடியுமுன் ‘உள்ளேன்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரே மாதத்தில் பையன்கள் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு இலைத்துளைகள் எப்போது மூடும் என்று சண்டை போட்டார்கள். தூங்குவதற்கே கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த சூசைராஜ், எங்கோ கிடந்த காளான் ஒன்றைப் பிடுங்கிவந்து மேடத்தின் மேசையில் வைத்து, “இது எந்தக் குடும்பம் மேடம்? என் காட்டுக்கு வேணும்” என்றான். ஹெலன் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது பெஞ்சின் ஒரு பாதி உடைந்துபோனதால் அதில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். முதல் பஸ்ஸுக்கே வந்துவிடும் வேல்மயில் ஜன்னலோரத்தில் தன் பையை வைத்து இடம் பிடித்திருப்பாள். மணி அடித்த பிறகு, கலைந்த ஒற்றைச் சடையும் புருவத்துக்கு மேல் அம்மைத் தழும்பும் வாயில் பாதி மிட்டாயுமாக ஓடிவரும் மாரித்தங்கம் அந்தப் பையைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு உட்காருவாள். இன்னும் தாமதமானால் வேல்மயில் குனிந்து, குரலை மாற்றி, அவளுக்காக ‘எஸ் மேடம்’ சொல்வதும் உண்டு. எல்லோரும் எல்லோருக்காகவும் செய்கிற பிராக்ஸிதான். ஆனால் வேறெதற்கும் வாய் திறக்காத வேல்மயில் மாரித்தங்கத்துக்காக மட்டும் திறந்தாள்.

மாரித்தங்கத்துக்குச் செடிகள் என்றால் தன் வீட்டு ஆட்கள் மாதிரி. வேல்மயிலுக்கோ மேடம் நேராகப் பார்த்தாலே சைலமும் புளோயமும் இடம் மாறிவிடும். “சைலம் தண்ணி லாரிடி, மேல போகும். புளோயம் சோத்து வண்டி, ஊரெல்லாம் போகும். இதுல என்ன குழப்பம் உனக்கு?” என்று மாரித்தங்கம் தலையில் குட்டுவாள். அடுத்த நாள் லாரியில் சோறும் வண்டியில் தண்ணீரும் போகும்.

மாரித்தங்கத்தின் அப்பா மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட வாரம், அவளை வேலைக்கென்று நூற்பாலை விடுதிக்கு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று அவள் தன் வனத்தின் கடவுச்சொல்லை வேல்மயிலின் உள்ளங்கையில் பேனாவால் எழுதினாள். “அங்க போனை வாங்கி வச்சிருவாங்களாம். கொஞ்ச நாள்தான், வந்துருவேன். தண்ணி ஊத்திட்டு இரு. இடம் பிடிச்சு வை.”

வேல்மயில் தண்ணீர் ஊற்றினாள். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதால் இரண்டு பச்சைப் பொத்தான்களையும் அழுத்தினாள், இரண்டு பேர் கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். விளையாட்டில் பெண்களுக்கென்று இருந்த சில முகங்களில் ஒற்றைச் சடை எதுவும் இல்லாததால், மாரித்தங்கம் முகம் வைக்காமலே விட்டிருந்த உருவத்துக்கு இரட்டைச் சடையும் ஊதா சுடிதாரும் போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

இப்போது அந்த இரட்டைச் சடை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது. நெற்றி வழவழவென்று இருந்தது. பெஞ்சின் மேல் விழுந்த வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் இருந்தது, அவளுடைய நிழல் இல்லை. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் மாரித்தங்கம் என்ற பெயர் பச்சை எழுத்துகளில் மிதந்தது, மின்விசிறி சுற்றும்போது கொடியில் போட்ட துணிபோல லேசாக ஆடியது. வேல்மயில் வாசலிலேயே நின்றாள். பின்னால் வந்த சூசைராஜ், “வழியை விடு தாயே” என்று உள்ளே போனான், பெயரை வாசித்தான், “ஏ, மாரித்தங்கம் வந்துட்டா! மில்லுல நல்லா சோறு போடுறாங்களா?” என்றான். உருவம் புன்னகைத்தது. அவன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

ஹெலன் மேடம் பெயர் கூப்பிட்டபோது உருவம் ‘உள்ளேன்’ என்றது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, சற்று நேரம் அந்தப் பச்சை எழுத்துகளைப் பார்த்துவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

முதல் சில நாள் பக்கத்துத் துறைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் அவள் பெயரை வாசித்தார்கள், ஊரைக் கேட்டார்கள், கேண்டீனில் டீ ஆறிவிடுமென்று போய்விட்டார்கள். ஆய்வகத்தின் வாசல் தாழ்வாக இருந்ததால் நுழையும்போது அவள் பெயர் நிலையில் தட்டி வளைந்து பின்பு நிமிரும். அதைப் பார்த்த கல்லூரித் தச்சர் யாரும் சொல்லாமலே நிலைக்கு மேலே கொஞ்சம் செதுக்கிவிட்டார். பாண்டியம்மா ‘எறக்கு’ என்று சொல்ல மறப்பதில்லை. சாயங்காலம் அறையைப் பூட்டும்போது, “பயமா இருந்தா லைட்டைப் போட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவாள். ராத்திரி அறைக்குள் எப்போதும் இருள்தான், அதற்குப் பயமே இருக்கவில்லை.

வேல்மயிலுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. இவள் யார்? மாரித்தங்கம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஏன் தனக்கு இப்படித் தனியாக இருக்கிறது? இல்லை என்றால், கூப்பிட்டதும் ஏன் திரும்பிப் பார்க்கிறது? ஒருநாள் தைரியம் வந்து, யாருக்கும் கேட்காமல், “தங்கம், சைலம் என்ன செய்யும்?” என்று கேட்டாள். உருவம் தயங்காமல், “உணவைக் கொண்டு செல்லும்” என்றது. அது மாரித்தங்கம் செய்யவே முடியாத தப்பு, வேல்மயில் மட்டுமே செய்யும் தப்பு. அந்த ஊதா சுடிதாருக்குள் இருந்தது அவள் இத்தனை வாரமாகப் பொத்தானை அழுத்தி அழுத்தி ஊட்டிய பதில்கள்தான்.

விஷயம் முதல்வர் வரை போயிற்று. ஒரு மதியம் முழுக்க ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். இப்படி ஒன்றை விதிகளில் யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. எழுதாததைத் தடுக்கவும் முடியாது என்றார் வணிகவியல் சார். சீருடை சரியாக இருக்கிறதா என்றார் இன்னொருவர். கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: வகுப்பில் அமர்ந்து பெயருக்குப் பதில் சொல்பவர் வந்தவராகவே கருதப்படுவார். அந்தத் தாளைப் படித்த அன்று மாலையே சூசைராஜ் தன் உருவத்துக்குத் தொப்பி மாட்டி, பொத்தானை அழுத்தி, வகுப்பில் உட்காரவைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனான். அது எப்படி வந்தது என்று அவனுக்கும் தெரியாது. “வேணும்னு நெனச்சு அமுக்கினேன், வந்துருச்சு” என்றான்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வராமல் போனார்கள், அவர்களுடைய உருவங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தென்னந்தோப்பில் வேலை இருந்தவன் போனான், கல்யாண வீட்டுக்குப் போனவள் அப்படியே தங்கிவிட்டாள், ஒன்றுமே இல்லாதவர்களும் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். வகுப்பறைக் கூரைக்குக் கீழே பச்சைப் பெயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின, காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி நெல் மூட்டையை இழுப்பது போலச் சன்னமாகச் சத்தம் வந்தது. ஒரு தலைகூடச் சாயவில்லை. இந்தத் துறையின் வருகைப் பதிவுதான் கல்லூரியிலேயே முதலிடம் என்று முதல்வர் கூட்டத்தில் பாராட்டினார்.

ஹெலன் மேடம் மட்டும் மெலிந்துகொண்டே போனார். வருடா வருடம் சொல்லும் பூசணிக்காய் ஜோக்கைச் சொன்னார். அத்தனை உருவங்களும் ஒரே மாதிரி புன்னகைத்து, ஒரே மாதிரி மும்முறை கை தட்டி நிறுத்தின. கேள்வி கேட்டார். அத்தனை கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அன்று வராந்தாவில் வேல்மயிலை நிறுத்தி, அவள் கன்னத்தில் விரலால் தொட்டுப் பார்த்தார். “நீ ஆள்தானே?”

“ஆமா மேடம்.”

“நிச்சயமாவா?”

மேடத்தின் விரல் சில்லென்று இருந்தது. வேல்மயில் தலைக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆமா மேடம்” என்றாள். “தேவலாம்” என்று சொல்லிவிட்டு மேடம் போனார்.

பருவத் தேர்வு நெருங்கியது. ஹால் டிக்கெட் புதன்கிழமை வகுப்பில் வழங்கப்படும் என்று இன்னொரு தாள் ஒட்டப்பட்டது. பெயருக்குப் பதில் சொல்பவர் கையில் கொடுக்கப்படும், அவரே தேர்வு எழுதலாம், இரண்டாவது முறை தரப்படமாட்டாது. அன்று வராதவருடையது தேர்வு நாள் காலைவரை துறை அலமாரியில் இருக்கும். பிராக்ஸி கொடுத்தவர் என்று தெரியவந்தால் அவருடைய வனம் அழிக்கப்படும், அகமதிப்பீட்டு மதிப்பெண்ணும் போய்விடும்.

வேல்மயில் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். உருவம் டிக்கெட்டை வாங்கிவிட்டால் மாரித்தங்கம் என்ற பெயரில் தேர்வு எழுதப்போவது அது. பிறகு பட்டம் வாங்கப்போவதும் அது. உண்மையான மாரித்தங்கம் திரும்பி வந்தால் அவளுக்கு உட்கார இடமே இருக்காது. பொத்தானை அழுத்தாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் விட்டுப் பார்த்தாள். அதற்கு இப்போது பொத்தான் தேவைப்படவில்லை, அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. சூசைராஜிடம் வாய் திறந்து கேட்டாள்: “மாரித்தங்கத்துக்கு ஒத்தச் சடைதானே?”

“என்ன வேலு, கண்ணு தெரியலையா? அவளுக்கு எப்பவுமே ரெட்டைச் சடைதானே” என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை. அன்று பஸ்ஸில் கண்ணை மூடி மாரித்தங்கத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தபோது, வேல்மயிலுக்கும் வழவழப்பான நெற்றிதான் முதலில் வந்தது. அம்மைத் தழும்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மில் விடுதியில் ஆட்களைப் பார்க்க விடுவார்கள். கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் மாரித்தங்கம் வந்து நின்றாள். தலையில், புருவத்தில், காதோரத்தில் எல்லாம் பஞ்சு. ஒற்றைச் சடை. தழும்பு இடது புருவத்துக்கு மேலே இருந்தது. வேல்மயில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி அப்படிப் பாக்குற? பேயா நான்?”

வேல்மயில் எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மாரித்தங்கம் முதலில் சிரித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள்.

“ஊதா சுடிதாரா? எனக்கா? நல்லாத்தான் இருந்திருப்பேன். படிக்கிறேனா?”

“கை தூக்குற.”

“சைலம் என்ன செய்யும்னு கேட்டியா?”

“கேட்டேன். சோறு கொண்டுபோகும்னு சொல்லுச்சு.”

மாரித்தங்கத்தின் சிரிப்பு நின்றது. காதிலிருந்த பஞ்சை எடுத்து உருட்டினாள். உள்ளே இயந்திரங்கள் ஓடும் சத்தம் தரை வழியாக வந்து கால்களில் அதிர்ந்தது.

“அதுவா போய் என் பரீட்சையை எழுதப்போகுது?”

“ஃபெயில் ஆகாது. நான் மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கேன்” என்றாள் வேல்மயில். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது.

“ஏண்டி வேலு. இடம் பிடிச்சு வைன்னுதானே சொல்லிட்டு வந்தேன். ஆள் பிடிச்சு வைன்னா சொன்னேன்?”

“நீ பரீட்சைக்கு வருவியா?”

“வார்டனம்மாகிட்ட லீவு கேட்டிருக்கேன். தருவாங்களோ மாட்டாங்களோ. வருவேன்னும் சொல்ல மாட்டேன், வரமாட்டேன்னும் சொல்ல மாட்டேன்.” கம்பி வழியே கையை நீட்டி வேல்மயிலின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. வேல்மயிலுக்கு அந்த வலி பஸ் ஏறும் வரை ஆறுதலாக இருந்தது, பஸ்ஸில் ஏறியதும் மறுபடி எல்லாம் குழம்பிப்போயிற்று. வருவாள் என்றால் சரி. வராமல் போனால்? உருவமாவது எழுதட்டும் என்று விட்டால் பட்டமாவது கிடைக்குமே, அந்தப் பட்டம் யாருக்கு, அவள் வீட்டுச் சுவரில் மாட்டினால் அதில் யார் முகம் இருக்கும்? மலை ஜன்னலோடு கூடவே வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை வகுப்பில் ஆட்கள் என்று பார்த்தால் வேல்மயிலும், ஹெலன் மேடமும், டிக்கெட் வாங்கவென்று நேரில் வந்திருந்த சூசைராஜும்தான். அவனுடைய இடத்தில் தொப்பி போட்ட அவனே உட்கார்ந்திருந்ததால் அவன் சுவரோரம் நின்றான். மேடம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு உருவமாக எழுந்து போய், இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு வந்தது. சூசைராஜின் பெயர் வந்தபோது அவன் வாயைத் திறப்பதற்குள் தொப்பி, “உள்ளேன்” என்றது. “மேடம், நான்தான் மேடம் நான்!” என்று அவன் கத்தினான். மேடம் ஒருவனைப் பார்த்தார், இன்னொருவனைப் பார்த்தார். முதலில் பதில் சொன்னவன் கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டார். சூசைராஜ் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாரித்தங்கம்.”

வேல்மயில் வாசலைப் பார்த்தாள். வாசலில் வெயில் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஊதா சுடிதார் அசைந்தது, இரட்டைச் சடை நிமிர்ந்தது, வாய் திறந்தது.

வேல்மயில் எழுந்துவிட்டாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது. அத்தனை வழவழப்பான முகங்களும் திரும்பின, அத்தனை பெயர்களும் அவள் பக்கமாகச் சாய்ந்து உரசின. அந்த வகுப்பில் அவள் தன் குரலிலேயே இவ்வளவு சத்தமாக எதுவும் சொன்னதில்லை.

“மாரித்தங்கம் வரல மேடம். ஆப்சென்ட்.”

“பக்கத்துல இருக்குறது?”

“அது நான் மேடம். நான் குடுத்த பிராக்ஸி.”

மேடம் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. பிறகு குனிந்து பேனாவால் எதையோ அடித்து எழுதிவிட்டு, டிக்கெட்டை அலமாரிக்குப் போகவேண்டிய உறைக்குள் போட்டார். வேல்மயிலின் போன் பைக்குள் ஒருமுறை அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்க்கவில்லை. அவளுடைய காடு போய்விட்டது என்ற செய்தியாகத்தான் இருக்கும்.

உருவம் திறந்த வாயை மூடிக்கொண்டு அவளையே பார்த்தது. அடுத்து என்ன செய்வதென்று கேட்பது போல இருந்தது. வேல்மயில் கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாள். அது எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, வாசலில் பெயர் தட்டாமல் குனிந்து வெளியே போனது. வெயிலில் பச்சை எழுத்துகள் கொஞ்ச நேரம் தெரிந்தன.

“அடுத்து... முருகலட்சுமி” என்றார் ஹெலன் மேடம்.

வேல்மயில் உட்கார்ந்தாள். காலடியில் இருந்த தன் பையை எடுத்து, ஜன்னலோரத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தாள்.